டி.சி. இல்லாமல் கிடைத்த சீட்

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்: “வீசிங் வரும்னு எம் பொண்ண ஸ்கூலுக்கே அனுப்பல. நேத்து காலேஜ்ல சீட் குடுத்துட்டாங்க.”

“இன்னாக்கா சொல்ற? டி.சி. கேக்கலயா?”

“கேட்டாங்க. ஊட்ல படிச்சி ஓப்பன் ஸ்கூல்ல பன்னெண்டாவது எழுதினா சார்னு சர்டிபிகேட்ட நீட்டினேன். அந்த ஆபீஸ் சார் உள்ள போய் கேட்டுகினு வந்து, செல்லும்னுட்டாரு.”

“ஊட்ல யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான். நான் எட்டாவதோட நின்னவ. மறுநாள் பாடத்த மொத நாளே படிச்சி வச்சிக்குவேன்.”

மீஞ்சூரில் கூட்டம் ஏறியது. இளையவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். “இனிமே உனக்கு அந்த வேலை இல்ல.”

“இருக்குதே. வர்ற பரீட்சைல நான் பத்தாவது எழுதறேன். இப்ப அவதான் எனக்குச் சொல்லித் தர்றா.”