கொல்லாத பூஞ்சை

கேம்பல் பே கப்பலுக்கு டிக்கெட் எடுக்க, போர்ட் பிளேயரில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆய்வகப் பெண், பக்கத்திலிருந்த தென்னந்தோப்புக்காரரிடம் சொன்னாள்:

“பூஞ்சை நல்லா வளருது அண்ணே. வண்டுப்புழுவைக் கொல்லத்தான் மாட்டேங்குது.”

“ஏம்மா?”

“புழுத் தோலைத் தொட்டதும், துளைச்சுக்கிட்டு உள்ள போன்னு சேதி சொல்ற புரதம் ஒண்ணு பூஞ்சைக்குள்ள இருக்கு. அதை எடுத்துட்டுப் பார்த்தேன். தோல் மேலயே சும்மா கிடக்கு.”

“அப்ப எதனால கொல்லுதுன்னு தெரிஞ்சுபோச்சே.”

“அது தெரியவே மூணு வருஷம் ஆச்சு. அந்தப் புரதத்தைக் கூட்டினா சீக்கிரம் கொல்லுமான்னு இனிமேதான் பார்க்கணும்.”

“அந்த மூணு வருஷத்துல என் தோப்புல பாதி மரம் போச்சும்மா.”

அவள் குனிந்து தன் பெட்டியின் பட்டையை இறுக்கினாள்.

“சலோ, சரி, நீ பாரு. அதுவரைக்கும் குருத்துல இருக்கற வண்டை நான் கம்பியால குத்தி எடுக்கறேன்” என்றார் அவர்.

வரிசை நகர்ந்தது. தன் மூட்டையோடு அவள் பெட்டியையும் அவரே தள்ளிக்கொண்டு போனார்.