எதிர் வரிசை விளக்குகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது நம் சின்னராஜின் அக்கா புருஷன் மாதப்பனுக்கு நடந்தது.

மார்கழி மாதம். விளக்கு வைக்கிற நேரம். பாகலூர் ரோட்டிலிருந்து பிரிகிற மண் வழி... ஓர் ஆள் இல்லை. அதன் முடிவில் ஒரு சின்ன விமான மைதானம். பெங்களூர் முதலாளிகளின் குட்டி விமானங்கள் இறங்கும் இடம். ஓடுபாதைக்குக் கரண்ட் விளக்கு கிடையாது. விமானம் வர இருட்டிவிட்டால் இரு பக்கமும் மண்ணெண்ணெய் டப்பாக்களை வரிசையாக வைத்துத் திரி கொளுத்துவார்கள். இந்தப் பக்கம் மாதப்பன். எதிர்ப்பக்கம் அவன் தம்பி ஆஞ்சப்பன். பனியில் முகம் தெரியாது. குரல்தான்.

“ஆச்சாடா?”

“ஆச்சுண்ணா.”

பதில் வந்தபின் அடுத்த டப்பாவுக்கு நகர்வார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் பதில் வரவில்லை. பாம்பு. எரிகிற விளக்கின் பக்கத்திலேயே ஆஞ்சப்பன் கிடந்தான்.

அதன்பின் இரண்டு வரிசையும் மாதப்பன் வேலை. அந்த மார்கழி மாலையில் தலைக்கு மேல் விமானம் சுற்றுகிறது. முதல் திரியைக் கொளுத்தினான். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

“ஆச்சாடா?”

தீக்குச்சி உரசும் சத்தம்... எதிரே ஒரு சுடர்.

“ஆச்சுண்ணா.”

மண்ணெண்ணெய்ப் புகையோடு பன்னீர் வாடை. பிணத்தின்மேல் தெளித்தார்களே, அதே பன்னீர்.

வீட்டில் சொன்னான். பெண்டாட்டி முனிலட்சுமி சிரிக்கப் பார்த்தாள்.

“உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வேலைக்கு வந்துச்சா அது? செத்தப்புறம் என்னா அக்கறை?”

“என் தம்பிமே அவன். பேயா?”

“உன் தம்பிதான்யா. அதான் பயமா இருக்குது. இனிமே கூப்பிடாத.”

கூப்பிட்டான். தம்பி முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

இறங்கிய பைலட் கடிந்துகொண்டார். “ஏம்பா, வலது வரிசைய ஏன் உள்ள தள்ளி வைக்கிற? பாதை குறுகலா தெரியுது.” அது ஆஞ்சப்பனின் வரிசை.

அடுத்த முறை இன்னும் குறுகல். அதற்கடுத்த முறை, காற்றில் அணையாமல் தீக்குச்சியைப் பொத்திய கை தெரிந்தது. நகமெல்லாம் கறுத்த கை. முகம் இன்னும் பனிக்குள்.

முனிலட்சுமி குழந்தையின் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

அன்று மாதப்பன் வாய் திறக்கவில்லை. தன் வரிசையைக் கொளுத்தி முடித்தான். எதிர்ப்பக்கம் கும்மிருட்டு. கொளுத்தப் போகப் பாதையின் நடுவுக்கு வந்தான். பன்னீர் வாடை... காதோரம், மூச்சுக்காற்று படாமல், குரல் மட்டும்.

“ஆச்சாண்ணா?”

தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன்தான். விமானம் இறங்காமல் பெங்களூருக்கே திரும்பிப் போனது. அந்த வாரமே வேலையை விட்டு, குடும்பத்தோடு தூரத்துக் கல்லாவி கிராமத்துக்குப் போய்விட்டான். அங்கே விமானமும் இல்லை, மைதானமும் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் வழியைப் பார்த்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறான். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத் துடிக்கிற வாயை, இருட்டு நன்றாக இறங்கும்வரை, முனிலட்சுமி கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் சின்னராஜ் அக்காவைப் பார்க்கப் போனார். ஊர் எல்லையிலேயே மண்ணெண்ணெய் வாடை. வழியோரம் சீரான இடைவெளியில் கருகிய டப்பாக்கள். தொட்டுப் பார்த்தார். கடைசி டப்பா சுட்டது.

அதற்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு கேழ்வரகு வயல்தான் இருந்தது.