கோடு எதுவும் இல்லை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, மேடம். முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும். படம் காட்டும் சிப் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். கடிதம் அடிக்க, சினிமா பார்க்க அது தாராளம். என் மனைவி சுபாஷிணிக்குத்தான் போதவில்லை.

அவள் கல்யாண மேடை வரைகிறவள். கரோல் பாக்கில் எங்கள் தெருமுனையில் குரானா என்பவர் டென்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். பந்தல், விளக்கு, பூ அலங்காரம் எல்லாம் அவர் பொறுப்பு. மேடை எப்படி அமையும் என்று பெண் வீட்டாருக்குக் கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். அதைச் சுபாஷிணி வீட்டிலிருந்தே செய்து கொடுத்தாள். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். ஆகவே அவள் என்னிடம் வந்து கேட்டது நியாயம்தான்.

"என்னங்க, மேடையைத் திருப்பினா நத்தை மாதிரி நகருது. ஒரு கார்டு வாங்கிப் போடலாமா?"

"எதுக்கு? இருக்கறதையே முடுக்கி விடறேன்" என்றேன்.

அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு பொத்தானை அழுத்தினால் பயாஸ் என்கிற நீலத் திரை வரும். அந்த சிப் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று அதில் ஓர் எண் கொடுக்கலாம். கூட்டினால் படம் வேகமாக நகரும். சிப்பும் கூடுதலாகச் சுடும். 2007 ஜனவரியில், டெல்லியே ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது கூட்டினேன். மேடை பம்பரமாகச் சுற்றியது. சுபாஷிணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோலி முடிவதற்குள் நிலைமை மாறிவிட்டது. மாடிப்படியில் என்னைப் பார்த்த குரானா, "அரே, யே ஹமாரி டிசைனர் மேடம் கே ஹஸ்பெண்ட்" என்று, நம்ம டிசைனர் மேடத்தின் வீட்டுக்காரர் என்று, தன் வேலையாளுக்கு அறிமுகம் செய்தார். எனக்கு ஜெயகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது, மேடம். பிறகு நொய்டாவில் ஒரு ஸ்டுடியோ அவளை வேலைக்குக் கூப்பிட்டது. ஜூலையில் சேர வேண்டும். என்னிடம் அவள் யோசனை கேட்கவில்லை. சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே தகவலாகச் சொன்னாள்.

மே மாதம் வந்தது. கூலர் ஓடியும் அறை அடுப்பாகக் கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்களேன். பந்தல் மேல பச்சைப் பச்சையா கோடு ஓடுது."

எட்டிப் பார்த்தேன். ஓடியது. சிப் சூடு தாங்காமல் உளறுகிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எண்ணைக் குறைத்தால் போய்விடும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தக் கோடு?" என்றேன்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வாய் தானாகச் சொன்னது. அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "விளையாடாதீங்க. இதோ, இங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். "கண்ணு களைச்சுப் போச்சு. கொஞ்சம் படுத்துக்கோ" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

பிறகு அதில் ஓர் ஒழுங்கு வந்தது. காலையில் நானே கம்ப்யூட்டரைப் போட்டு, எண்ணைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் அலுவலகம் போவேன். யாராவது வருகிறார்கள் என்றால் குறைத்து வைப்பேன். முனிர்காவில் இருக்கும் அவள் தம்பி அர்ஜுன் வந்து பார்த்தான். "க்ளீனா இருக்கேக்கா. நீ ஓவரா வேலை பாக்கற" என்று சொல்லிவிட்டுப் போனான். பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டு வைத்தேன். குழந்தை இருக்கிற வீடு அல்லவா.

சுபாஷிணி முட்டாள் இல்லை. திரையில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டரிலேயே படமாக எடுத்து, குரானா கடைக்கு மெயிலில் அனுப்பி, கோடு தெரிகிறதா என்று கேட்டாள். அங்கே ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும். கோடு படத்தில் இல்லை. படத்தைத் திரைக்கு அனுப்பும் இடத்தில் இருந்தது. அவள் என்னிடம் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. கண் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னாள். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மகள் அபூர்வா ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். டெல்லியில் பிறந்தவள், பேச்சில் பாதி ஹிந்தி. லீவு நாள் ஒன்றில் திரைக்கு முன்னால் நின்று, "அப்பா, தேகோ, க்ரீன் லைன் வருது" என்று கத்தினாள். சுபாஷிணி குளியலறையில் இருந்தாள். குழந்தையை மடியில் உட்கார வைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"லைன் இருக்குன்னு சொன்னா அம்மா அழுவா. அம்மா அழலாமா?"

"கூடாது."

"அப்ப யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லணும். அச்சா?"

"அச்சா."

கெட்டிக்காரி. மறுநாள் சுபாஷிணி அவளைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, "கண்ணு, அம்மாகிட்ட பொய் சொல்லாம சொல்லு, இங்க கோடு தெரியுதா?" என்று கேட்டாள். "நஹீம்மா. ஒண்ணும் இல்ல" என்றாள் அபூர்வா. சுபாஷிணி அதை நம்பினாள். என்னைக்கூட அவள் அவ்வளவு நம்பியதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது எந்த டாக்டர் என்று நான் சொல்லவில்லை, மேடம். அவளேதான் சொன்னாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேளை தவறாமல் நானே கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்தேன். நொய்டாவுக்கு அவளே போன் செய்து, உடம்பு சரியில்லை, வர முடியாது என்றாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. அபூர்வாதான் வந்து சொன்னாள். பூசா ரோட்டைக் கடக்க சிக்னலில் நின்ற அம்மா, "பையா, ஹரா ஹோ கயா க்யா?", அண்ணா, பச்சை விழுந்துவிட்டதா என்று பக்கத்தில் நின்ற பழக்காரரிடம் கேட்டாளாம். விழுந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் அவள் காலை எடுத்து வைக்கவில்லையாம். எதிர்ப்புறம் போய்ச் சேர என் மகள்தான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கெடுத்தவர் குரானா. ஜூன் கடைசியில், நான் அலுவலகத்தில் இருந்தபோது, ஒரு போன்கூடச் செய்யாமல் மாடியேறி வந்திருக்கிறார். பழைய மேடை ஒன்றின் படம் வேண்டுமாம். தன்னால் முடியாது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சுபாஷிணி கம்ப்யூட்டரைக் காட்டியிருக்கிறாள். படத்தைத் திறந்தவர் சிரித்தாராம். "பாபிஜி, யே ஹரி லைன் கிஸ்னே டாலி? துல்ஹன் பாக் ஜாயேகி." இந்தப் பச்சைக் கோட்டை யார் போட்டது, மணப்பெண் ஓடிவிடுவாள் என்று.

சுபாஷிணி அவரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாளாம். அதற்குள் அபூர்வா ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "அங்கிள், லைன் மத் போலோ. அப்பா நே மனா கியா ஹை." கோடு என்று சொல்லாதீங்க, அப்பா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.

சுபாஷிணி அழவில்லையாம். குழந்தையோடு முனிர்காவுக்குப் போனாள். அங்கிருந்து இந்த மகளிர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, உங்களிடம் வந்தாள். அவள் மனுவை நீங்கள் வாசித்தீர்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. எண்ணைக் கூட்டியது நான். குறைத்ததும் நான். இருந்ததை இல்லை என்றதும், குழந்தையைச் சொல்ல வைத்ததும் நான்தான். குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று நினைப்பதை நீங்கள் எந்தச் சட்டத்தில் சேர்ப்பீர்களோ, சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தையைக் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாளே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சற்று முன் நீங்களே பார்த்தீர்கள். சுவரில் இருக்கும் அந்தக் காலண்டரைக் காட்டி, "இந்தப் பூ என்ன கலர், கண்ணா?" என்று அபூர்வாவைக் கேட்டீர்கள். சிவப்பு ரோஜா. பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவள் முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் சொன்னாள்.

பிள்ளை வளர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும், மேடம்.