வாரத்துக்கு ஒரு விரற்கடை

காபி நன்றாக இருக்கிறது. நான் இங்கே பயிற்சியாளராக இருந்தவரை இந்தக் கல்லூரியில் காபி என்று கொடுத்ததைத் தரையில் ஊற்றினால் கறை போகும், குடித்தால் உயிர் போகும். நான் ஓய்வு பெற்ற பிறகு எல்லாமே முன்னேறிவிட்டது போலிருக்கிறது. கூடைப்பந்து அணியைத் தவிர.

அன்றைய தோல்வியை நீங்கள் மூன்று பேரும் விசாரித்து, வாட்ச்மேனை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். வளையத்தைத் தாங்கும் கம்பத்தின் திருகில் புது கிரீஸ் இருந்ததாம், அரங்கத்துச் சாவி அவரிடம்தான் இருந்ததாம். அந்த மனிதருக்குத் தன் சைக்கிள் செயினை மாட்டத் தெரியாது. கழன்றால் என்னைத்தான் கூப்பிடுவார். இவ்வளவு நுட்பமான வேலையை அவர் பெயரில் எழுதினால் எனக்குக் கோபம் வராதா? செய்தவள் நான்.

என் பிரிவு உபசார விழா உங்களுக்கு நினைவிருக்கும். என் விசிலைக் கழற்றி என் மகள் கழுத்தில் போட்டேன். என் இடத்துக்கு அவளைத்தான் எடுத்திருந்தீர்கள், தற்காலிகமாக. அன்றைய கைதட்டலில் அரங்கத்தின் கூரை ஒரு முழம் எழும்பி இறங்கியது. எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். அது இன்றுவரை ஒழுங்காக ஓடவில்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

மறுநாளிலிருந்து வழக்கம்போல அரங்கத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தேன். வாயே திறக்கவில்லை. எப்போதாவது, பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி, "முழங்காலை மடக்கு" என்பேன், அவ்வளவுதான். ஒரு வாரம் போனது. சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா, நீ உக்காந்திருந்தா பிள்ளைங்க ஒவ்வொரு பந்துக்கும் உன் மூஞ்சியத்தான் பாக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு வராதம்மா. உன் காலத்து ஆட்டத்தைக் கொஞ்சம் மாத்தணும்."

மெதுவாகத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் அழுது மூக்கைச் சிந்தி, அன்றோடு முடிந்திருக்கும். என் காலம் முடிந்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடிகாரம்தான் கொடுத்தீர்கள்.

"சரி கண்ணு" என்றேன்.

ஓய்வு பெறும்போது எல்லாச் சாவிகளையும் ஒப்படைத்தேன். வளையத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி சாவி இல்லையே, அதனால் ஒப்படைக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் அரங்கத்துக்கு நடக்க வருவேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவார். போட்டிகள் தொடங்க மூன்று மாதம் இருந்தது. வாரத்துக்கு ஒரு விரற்கடை, இரண்டு பக்கமும் இறக்கினேன். ஒரேயடியாக இறக்கினால் பந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

பிள்ளைகள் பறந்தார்கள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "எறியறதெல்லாம் விழுதும்மா" என்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைவாய்ப் பல் வரைக்கும் எண்ணியிருக்கலாம். "நீ சொல்லிக்குடுக்கிற விதம் அப்படி" என்பேன்.

அணியிலேயே உயரமான பெண்ணை நாங்கள் ஏணி என்று கூப்பிடுவோம். அவளுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "மேடம், ரிங்கு கிட்ட வந்த மாதிரி இருக்கு" என்றாளாம். "நீ இன்னும் வளந்துக்கிட்டிருக்கடி" என்றாளாம் என் மகள். அந்தப் பெண்ணும் சந்தோஷமாகப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று அளந்துகொண்டாளாம். அதைக் கேட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கட்டிலே குலுங்கியது.

சொந்த அரங்கில் நடக்கும் முதல் போட்டியிலேயே மானம் போனால் அவளுடைய வேலை நீடிக்காது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். வேறு யாரிடம் சொல்வாள்? என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டுதான் சொன்னாள்.

போட்டியன்று விடியலில் இரண்டு வளையங்களையும் பழைய உயரத்துக்கே ஏற்றினேன். ஏறக்குறைய ஒரு சாண். பிற்பகல் நடுவர் வந்து அளந்து பார்த்து, "கச்சிதம்" என்றார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்று அந்த அரங்கத்தில் தப்பாக எதுவுமே இல்லை.

மற்றதை நீங்களே பார்த்தீர்கள். அவர்கள் தொண்ணூற்றொன்று, நாம் பதினெட்டு. நம் பிள்ளைகள் எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் முட்டி முட்டி, இரும்பே தேய்ந்திருக்கும். ஏணி தன் கைகளை, யாரோ கொடுத்துவிட்டுப் போன கைகளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் என் மகள் களத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். யாரும் பார்க்கக் கூடாது என்று சொன்னாளே, அதே முகத்தை.

முழங்காலை மடக்கு என்று வாயசைத்தேன்.

ஏணி விளையாட்டை விட்டுவிட்டாள். கையில் ஏதோ கோளாறு என்று டாக்டர் டாக்டராக அலைகிறாளாம். கையில் ஒன்றுமில்லை என்று யாராவது அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், வீண் அலைச்சல். என் மகள் வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். "எல்லாருக்கும் இது வராது கண்ணு" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

அணியை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று முந்தாநாள் நீங்களே போன் செய்து கேட்டீர்கள். முடியும். கைப்பிடியைக்கூடக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, மேசைமேல் வைக்கிறேன், இனி ஒளிவுமறைவு எதற்கு? வாட்ச்மேனை விட்டுவிடுங்கள்.

மகளிடமிருந்து நான் எதையோ பறித்துக்கொண்டதாக எழுதப் பார்ப்பீர்கள். எழுதுமுன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று காலை நான் கிளம்பும்போது அவள் இருட்டிலிருந்து எழுந்து வந்தாள். விசிலைக் கழற்றினாள். சட்டை நுனியால் துடைத்தாள். எட்டி என் கழுத்தில் போட்டாள்.

நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் கொடுத்தாள்.