காவலுக்கு ஒரு கதிரை

கண்டியிலிருந்து தெல்தோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புது மடக்குக் கதிரையோடு இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். மற்றவர் நெற்றியில் சந்தனம் வைத்த இளையவர்; பெரியவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டார். பெரியவரின் மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுது போடுகிறது, அவர் துப்பாக்கியோடு ராக்காவல் இருக்கிறார் என்பது பஸ் கிளம்புமுன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"தரையில குந்தி இடுப்பு போயிட்டு தம்பி. இனி துவக்கோட காவலுக்கு வர ஏலா."

"அதுக்குத்தான் நானா இது. கைப்பிடி இல்லாததா பாத்து எடுத்தேன். துவக்கத் தூக்குறப்ப முழங்கை இடிக்காது."

"கிரீச்சுன்னு கத்துமே. பன்னிக்குக் காது கூர்மை."

"கத்தாது. கடையிலேயே உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சுப் பாத்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியா பாத்தாரு."

"ஈர மண்ணுல கால் புதையாதா?"

"அடியில பாருங்க, எவ்வளவு அகலம்."

பெரியவர் தடவிப் பார்த்தார்.

"தோட்டம் என்ட. துவக்கு என்ட. இடுப்பும் என்ட. கதிரைய மட்டும் நீங்க ஏன் வாங்குறீங்க?"

"நீங்க சுட்டுப்போட்டுட்டு, தொடாம வீட்டுக்குப் போயிடுவீங்க. தூக்கிட்டுப் போய் கறி வெக்கிறது நாங்கதானே நானா? நீங்க வராட்டி எங்க சட்டி காயும்."

பெரியவர் கதிரையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப முதுகுக்கு ஒரு தலாணியும் வாங்கிட்டு வாங்க."