மீசையில் மாட்டிய பொய்ப்பூச்சி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கு வந்த பேருந்தில், என் முன்னிருக்கையிலிருந்த இளம்பெண் தன் தோழியிடம், “பையனோட அப்பாவைத் தூண்டில்ல புடிச்சுப்போட்டேன் புள்ள” என்று கூறியதே நான் செவிசாய்க்கக் காரணம்.

“பொண்ணு பாக்க வந்தவரையா?”

“ஆமா. ஞாயித்துக்கெழம எங்க தூண்டில் சங்கத்துல கொழந்தைகளுக்குச் சொல்லித்தரணுமேன்னு வாசல்ல வீசிப் பழகிட்டிருந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க. கொக்கியில இறகு வெச்சுக் கட்டுன பொய்ப்பூச்சி பின்னால போயி, அவரு மீசையில மாட்டிக்கிச்சு. நெசப்பூச்சின்னு நெனச்சு அவரு சம்சாரம் ஒண்ணு போட்டாங்க பாரு, கன்னமே செவந்துபோச்சு.”

தோழி சிரித்து ஓய்வதற்குள் புளியம்பட்டி வந்துவிட்டது.

“கட்டுனா அந்தப் பையனத்தான்னு ஒத்தக்கால்ல நின்னியே. போச்சா?”

“கேளு. இழுத்ததும் கொக்கி வந்துருச்சு. ‘ஏங்கண்ணு, இது நுனியில எதிர்முள்ளே இல்லியே, மீன் தப்பிச்சுக்காதா?’ன்னாரு. ‘புடிச்ச மீனை ஆத்துலயே விட்டுருவமுங்க மாமா. அதுக்கு நோவக் கூடாதுன்னுதான் முள்ளை நசுக்கிப்போட்டோம்’னேன்.”

“அப்பறம்?”

“தையிலயே வெச்சுக்கலாம்னுட்டாரு. கன்னத்தைத் தடவிக்கிட்டே சம்சாரத்தைப் பாத்து, ‘இந்தப் புள்ளகிட்ட நம்ம பையன் பொழச்சுக்குவான்’ங்கறாரு.”

கேட்டதைக் கேட்டவாறே எழுதியுள்ளேன். பின்னாளில் படிப்பவர்களும் சிரிக்கட்டும் என்பதால், இத்தாளைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.