தக்காளிக்கு வந்த மெஷின்

பிரான்காச்சோ என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும் இருந்தார்கள். அவளுடைய மகனைத் தக்காளித் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லித் தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“அங்கை புது மெஷின் வந்திட்டுது அக்கா. கழுவுறது, தரம் பிரிக்கிறது எல்லாம் அதுதான்.”

“அப்ப ஏன் இன்னும் ஆள் கேக்கிறாங்கள்?”

“மெஷினுக்குத் தீனி காணாது. தக்காளி புடுங்க ஆள் வேணும்.”

“பஞ்சிலை கொட்டை எடுக்க மெஷின் வந்தாப்பிறகுதான் அமெரிக்காவிலை அடிமையளைக் கூட வாங்கினவங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்திலை வருசா வருசம் இதைப் படிப்பிச்சனான். எனக்கே கதை விடுறியோ?”

“என்ன அடிமை! பாஸ்போட்டை மட்டும் முதலாளி வைச்சிருப்பார். பாதுகாப்புக்கு.”

“என்ரை பிள்ளையின்ரை பாஸ்போட்டை அவனுக்குக் குடுப்பன் எண்டு நினைச்சியோ?”

தம்பி யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“பெடியனிட்டை வாங்கி நேற்றே குடுத்திட்டன் அக்கா.”

எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் கடந்து போயிற்று. அவள் எழுந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

“மணியை அடியடா. இப்பவே போய் வாங்கித் தா.”